ஆறாவது எண்

வெள்ளிக்கிழமை மட்டும் லிஃப்டில் ஏறாதே, படியில் போ என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, என் உடம்பைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "வாரத்துக்கு ஒரு நாளாவது ஏறி இறங்கு. இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப தேட வேண்டியிருக்கு" என்றார். நானா விடுவேன்? "உங்க தொப்பையைச் சுத்தி வர்றதே எனக்குத் தினமும் நடைப்பயிற்சிதான்" என்றேன். வாய் அப்படிப் பேசியதே தவிர, வெள்ளிக்கிழமை வந்தால் முனகிக்கொண்டே நான்கு மாடியும் ஏறத்தான் செய்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியில். பழைய கட்டடம், தரைத்தளமும் அதற்கு மேல் ஒன்பது மாடியும். எங்களுடையது நான்காவது. லிஃப்டுக்கு நேர் எதிரே என் மேசை. வருகிறவர்களின் வீங்கிய கன்னத்தை முதலில் பார்ப்பது நான்தான். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பல கட்டடங்களின் லிஃப்டை அவருடைய கம்பெனி பார்த்துக்கொள்கிறது, எங்கள் கட்டடம் அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மதியம் வருவார், ஒன்பதாவது மாடிக்கு மேலே மோட்டார் ரூமில் புகுந்துகொள்வார், சாயங்காலம் கிரீஸ் கையோடு என் மேசைக்கு வந்து தண்ணீர் கேட்பார். டம்ளரைக் கையில் கொடுக்க மாட்டேன், நானே வாயில் ஊற்றுவேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரிப்பார்கள். நல்ல ஜோடி என்று பேரெடுத்திருந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சிகரெட் கிடையாது. லாட்டரி மட்டும் உண்டு. அரசாங்கம் நடத்தும் லாட்டரி. ஆறு எண்களை நாமே சொல்லலாம், கவுண்டரில் சீட்டு அடித்துத் தருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கவுண்டரை மூடியதும் டிவியில் குலுக்கல். இது விழாது என்று அவருக்குத் தெரியாதா என்றால், அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்வார்: "பத்து லட்சத்துல ஒண்ணுங்க. வாராவாரம் வாங்கினாலும் ஒரு தடவை விழறதுக்கு இருபதாயிரம் வருஷம் ஆகும். அதுவரைக்கும் இவ என்னை வச்சுக் காப்பாத்தணும்." எல்லாம் தெரிந்த மனிதர், சனிக்கிழமை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குக் கிளம்பிவிடுவார். முட்டாளாக இருந்திருந்தால் திருத்தியிருப்பேன். புத்திசாலியை என்ன செய்வது?

இது இப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இடையில் அந்த லிஃப்ட் புகுந்தது.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் எந்த லிஃப்டும் தானாகக் கீழே போய்த் தரைத்தளத்தில் நிற்க வேண்டுமாம். எங்கள் லிஃப்டுக்கு அது மறந்துவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு மாடிக்குப் போய் நின்று கதவைத் திறக்கும். ஒரு தடவை ஏழு, அடுத்த தடவை இரண்டு. இதை அவர் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். "தரைத்தளம் பூஜ்யம், கடைசி மாடி ஒன்பது. பூஜ்யத்திலேருந்து ஒன்பது வரைக்கும் சரியா இருக்கு பாரு. ஆறு தடவை அணைச்சுப் போட்டா ஒரு சீட்டு நம்பர் ரெடி."

"அப்ப அது லிஃப்டா, ஜோசியக்காரனா?" என்று நானும் சிரித்தேன்.

அந்த வாரம் லிஃப்ட் சொன்ன எண்ணையே வாங்கினார். கடைசி மூன்று எண்கள் அப்படியே விழுந்தன. அந்தப் பணத்தில்தான் எங்கள் வாஷிங் மெஷின் வந்தது. வைக்க இடமில்லாமல் சமையலறையில் வைத்தோம். துணி பிழியும்போது அது ஆடி ஆடி, இருக்கும் இடத்தை விட்டு நகர்ந்து வரும். நான் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். தள்ளித் தள்ளி வைத்தும் வருவதை நிறுத்தவில்லை. எனக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காமல் போய்விட்டது.

"லிஃப்ட்ல அது பழுதுதானே? சரி பண்ணலையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரிலேன்னு ஒரு சின்ன பார்ட் போயிருக்கு. கம்பெனியில கேட்டிருக்கேன், வரணும்" என்றார். நம்பினேன். மாதக்கணக்கில் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், செயற்கைப் பல் செய்து கொண்டுவந்து தருகிற லேப் ஆள் வெளிறிப்போய் என் மேசை முன் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு நின்றாராம். கதவு திறந்ததாம். காலை எடுத்து வைக்கப் போனவருக்கு முகத்தில் ஜில்லென்று காற்று அடித்ததாம். "உள்ள லிஃப்டே இல்ல மேடம். ஒரே இருட்டு. கம்பிக் கயிறு மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு" என்றார். கையிலிருந்த டப்பாவில் பற்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவர் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் இதைச் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, "பயந்த ஆளு, எதையோ பார்த்து உளறியிருப்பான். நீ யார்கிட்டயும் சொல்லாதே, நான் பார்த்துக்கறேன்" என்றார். என் இடுப்பைப் பற்றிய அக்கறை அவருக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம்தான். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது என் நாத்தனார்.

நாத்தனார் என்றால் இவருக்கு அக்கா. தாய் இல்லாத குறை தெரியாமல் இவரை வளர்த்தது அந்த அம்மாதான். தம்பி என்றால் உயிர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், வாசற்படி ஏறுவதற்கே ஐந்து நிமிஷம் முனகுவார். பல் செட் கட்டுவதற்காக எங்கள் டாக்டரம்மாவிடம் புதன்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். அந்த வாரம் டாக்டரம்மாவுக்குப் புதன்கிழமை வேறு வேலை. நானே போன் செய்து, "அண்ணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க" என்று மாற்றினேன். வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

புதுப் பல்லோடு அண்ணி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் தண்ணீர் குடிக்க வந்தார். வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அக்கா, நீ எப்படி வந்தே?"

"இதென்னடா கேள்வி? பறந்தா வருவேன்? லிஃப்ட்லதான் வந்தேன்."

"எப்ப?"

"அரை மணி இருக்கும்டா. ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? பல்லு நல்லா இல்லையா?"

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீரைக் குடிக்கவில்லை. "இறங்கும்போது நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார். "லிஃப்ட்ல வேலை நடக்குது."

"வேலை நடந்தா நான் ஏறும்போது எப்படி ஓடுச்சு?" என்று கேட்டார் அண்ணி. நான்கு மாடி, வாரம் தவறாமல், மூச்சு வாங்க வாங்க நான் ஏறிய ஒவ்வொரு படியும் எனக்கு ஞாபகம் வந்தது.

அண்ணியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அவர் முன்னால் இறங்கினார். நான் செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அண்ணிக்கு ஒரே குஷி. "சின்ன வயசுல நான் இவனைத் தூக்கினேன், இப்ப இவன் என்னைத் தூக்கறான்" என்று புதுப் பல் வழியாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பொத்தானை அழுத்திவிட்டிருந்தாள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை அந்த விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டியது. என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அக்காவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.

"ஏம்மா, படியில வந்துடு!" என்று நான்தான் கத்தினேன். "குழந்தையோட லிஃப்ட்ல போகாதே!"

அந்தப் பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கதவு திறந்தது. உள்ளே வெளிச்சம் இருந்தது, தரை இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், குழந்தை அவள் தோளில் தலையை வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினேன். ஸ்பானர், டார்ச், கிரீஸ் டப்பா, பழந்துணி. அடியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத ஒரு சின்னப் பெட்டி. அதுதான் ரிலே என்று தெரிந்துவிட்டது.

"இது எப்ப வந்துச்சு?"

"வந்து கொஞ்ச நாளாச்சு."

"வாஷிங் மெஷின் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அது போதும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று மேலிருந்தே தெரிந்துகொள்ள, கம்பிக் கயிற்றில் மாடிக்கு ஒன்றாக மஞ்சள் பெயின்ட் அடித்து வைப்பார்கள். கம்பெனி புதுக் கயிறு மாற்றியதில் அந்த அடையாளம் போய்விட்டது. மாடிகளில் எண் காட்டும் விளக்குகள் அணைந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் இவர் என்ன செய்திருக்கிறார் என்றால், மேலே சுவிட்சைப் போட்டுவிட்டு ஒன்பதாவது மாடிக்கு ஓடிவந்து, சாவி போட்டு லிஃப்ட் கதவைத் திறந்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. உயிர் போகக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை ஒரு துண்டு ஒயரை வைத்துத் தாண்டிவிட்டார். ஒயர் இருக்கிறவரை, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று லிஃப்டுக்குத் தெரியாது, லிஃப்ட் வராத மாடியிலும் கதவு திறந்துவிடும். எண் எடுத்து முடித்ததும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டார். அன்றைக்குத்தான் லேப் ஆளுக்கு முகத்தில் காற்று அடித்தது.

"அன்னிக்கு மட்டும்தான் மறந்தேன்" என்றார்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒயர் மாட்டியிருக்கும்போதுதான் அக்கா ஏறியிருக்கு."

நான் கத்தவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும், அன்று வரவில்லை. பயம்தான் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்றே தெரியாதது போல ஒரு பயம். "அந்தக் குழந்தையைப் பார்த்தீங்கல்ல? பார்த்தும் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"ஏய், அதெல்லாம் லட்சத்துல ஒரு தடவை நடக்கிறது. எத்தனை பேர் ஏறி இறங்கறாங்க. எல்லாருமா விழறாங்க?"

"லட்சத்துல ஒண்ணா? பத்து லட்சத்துல ஒண்ணு உங்களுக்கு விழும்னு வாராவாரம் சீட்டு வாங்கறீங்க. லட்சத்துல ஒண்ணு அவளுக்கு விழாதுன்னு யார் சொன்னது?"

அவர் குனிந்து தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்துப் பையில் போட்டார். பிறகு, "நாளைக்குப் புது ரிலேயை மாட்டிடறேன். ஒயரையும் கழட்டிடறேன். சத்தியமா" என்றார். என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்றிருந்தது. படுக்கப் போகும்போது, யாரிடமோ பேசுவது போல மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு அஞ்சு நம்பர்தான் வந்துச்சு. ரெண்டு, ஒன்பது, பூஜ்யம், ஏழு, ரெண்டு. ஆறாவது பார்க்கிறதுக்குள்ள தாகம் எடுத்து உன்கிட்ட வந்துட்டேன்."

நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். ரெண்டு, ஒன்பது, பூஜ்யம், ஏழு, ரெண்டு. ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் நானே வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் 'பழுது' அட்டையைத் தொங்கவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே படியேறினார்கள். திட்டட்டும் என்றிருந்தேன். மதியம் ஆஸ்பத்திரி மூடுகிற நேரத்துக்கு இவர் பையோடு வந்தார். என் மேசைக்கு வந்து ரிலேயை எடுத்துக் காட்டினார். உறை இன்னும் பிரிக்கவில்லை. "இதோ, மாட்டப் போறேன். போதுமா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான், கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு என்ன நினைத்தாரோ, ரிலேயை என் மேசை மேலேயே வைத்துவிட்டு மேலே போனார். மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு எட்டு நடந்ததும்தான் உறைத்தது. அவர் மறக்கவில்லை.

டாக்டரம்மா போய்விட்டிருந்தார். வரவேற்பறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சுவருக்குள் மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. சத்தம் நெருங்கியது. நெருங்கி, என் எதிரே நின்றது. 'பழுது' அட்டை தொங்கிக்கொண்டிருந்த கதவு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வெள்ளை வெளிச்சம். ஆள் இல்லை. கண்ணாடியில் என் உருவம் மட்டும் ரிலேயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. என்னைத் தேடி வந்தது போல லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

நான்கு. என் மனதில் முதலில் வந்தது அதுதான். ஆறாவது எண் நான்கு.

அதற்குப் பிறகுதான் ஆத்திரம் வந்தது. "என்னங்க!" என்று லிஃப்ட் கதவருகே போய் மேலே பார்த்துக் கத்தினேன். "என்னங்க, இறங்கி வாங்க!" நான் கத்தியதற்குப் பதில் போல மேலே ஏதோ சறுக்குகிற சத்தம் வந்தது. உலோகத்தில் தோல் உரசுகிற சத்தம், நீளமாக. பிறகு லிஃப்டின் கூரை அதிர்ந்தது. விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது. பிளந்த கூரை ஓரத்திலிருந்து கிரீஸோடு கலந்து சிவப்பாக ஏதோ கண்ணாடியில் வழிந்து இறங்கியது. நான் கூரையைப் பார்த்து அலறிக்கொண்டே இருந்தேன்.

அவர் பிழைத்தார். விழும்போது கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டதால்தான் பிழைத்தார் என்றார்கள். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. கால்கள் இரண்டும் ஒடிந்திருந்தன, ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அண்ணி ஆட்டோ பிடித்து வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கீழே விழுந்துவிடும் என்று புதுப் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"எங்க நின்னுச்சு?"

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். புரிந்தது. உரிந்த கையும் ஒடிந்த காலுமாகக் கிடக்கிற மனிதருக்குப் பிழைப்போமா என்ற கேள்வி இல்லை. அப்போது நான் அவரை வெறுத்தேன். உண்மையைச் சொல்வதற்கு வெட்கமில்லை, வெறுத்தேன்.

"எட்டு" என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் நினைத்தது இவ்வளவுதான்: தப்பான எண்ணோடு இது முடியட்டும், லிஃப்ட் சொன்ன எண் என்று இனி ஒன்று இருக்க வேண்டாம். ஆனால் கட்டிலின் அந்தப் பக்கத்தில் அழுகை நின்றிருந்தது. அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மத்த அஞ்சும் சொல்லுடா. கவுண்டர் மூடறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்."

"அண்ணி, நீங்களுமா?"

"ரத்தம் சிந்தியிருக்கான் என் தம்பி. அந்த நம்பர் சும்மா போகலாமாம்மா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே லாட்டரி கவுண்டர். அண்ணி வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டி நிறுத்தி, விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். முட்டிவலியை எந்தப் பையில் வைத்துவிட்டுப் போனார் என்று தெரியவில்லை. போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

"டீ வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன். டீ வாங்கத்தான் இறங்கினேன். விழாது என்று எனக்குத் தெரியும். பத்து லட்சத்தில் ஒன்று, இருபதாயிரம் வருஷம், எல்லாம் தெரியும். ஆனால் நிஜமான எண் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நான் வாங்காமல் விட்டு, அது விழுந்துவிட்டால்? கட்டிலில் கிடக்கிற மனிதரின் முகத்தை வாழ்நாள் முழுக்க எப்படிப் பார்ப்பேன்? டீக்கடையைத் தாண்டிப் போய்க் கவுண்டரில் நின்றேன். எனக்குப் பின்னால் அவர்கள் ஷட்டரை இறக்கினார்கள்.

வார்டுக்கு வெளியே ஒரு டிவி. குலுக்கல் நேரத்தில் நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் அதன் கீழே கூடினார்கள். மூத்திரப் பையோடும் குளுக்கோஸ் பாட்டிலோடும் வந்து நின்றார்கள். ஒவ்வொரு எண்ணாக வந்தது. ஆறு, ஒன்று, மூன்று, ஐந்து, பூஜ்யம். எங்களுடையது எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. கடைசி எண் வந்தது. நான்கு.

கடைசி எண் மட்டும் ஒத்துப்போனால் சீட்டு வாங்கிய காசு திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான் அதன் மதிப்பு. பத்துப் பேரில் ஒருவருக்குக் கிடைக்கிற பரிசு. ஆனால் உள்ளே கட்டிலிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். சத்தமில்லாமல், கண்ணால்.

"கடைசி நம்பர் நாலா?"

"ஆமாம்."

"நான் கூரை மேல கிடக்கும்போது உன் சத்தம் ரொம்பப் பக்கத்துல கேட்டுச்சு. நீ இருந்தது நாலாவது மாடி." வீங்கிய தாடை அசையாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எட்டு இல்லதானே?"

அண்ணி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வெளியே எடுத்தேன் என்று தெரியவில்லை, சீட்டு என் விரலிடுக்கில் இருந்தது. அண்ணி அதை மெதுவாக உருவி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். நான்கு என்று அண்ணி முடித்தபோது கட்டிலில் இவர் சிரித்தார். சிரிப்பு வலித்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தது. "பார்த்தியா?" என்றார். "அது பொய் சொல்லாது. முழுசா சொல்ல அதுக்குக் கொஞ்சம் நாள் வேணும், அவ்வளவுதான்."

அப்போதுதான் என் போன் அடித்தது. அவருடைய கம்பெனி சூப்பர்வைசர். முதலில் உடம்பை விசாரித்தார். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். பிறகு தயங்கிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். "அம்மா, அந்த லிஃப்டுக்குன்னு ஒரு புது ரிலே அவருக்குக் கொடுத்திருந்தோம். இருந்தா வேற ஆளை அனுப்பி மாட்டிடுவேன். அந்த மாடல் இப்ப எங்கயும் கிடைக்கறதில்ல. இல்லன்னா பழசையே துடைச்சுப் போட்டுத்தான் ஓட்டணும். அவர் பையில இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

ரிலே என் கைப்பையில் இருந்தது. மதியத்திலிருந்து அங்கேதான் இருந்தது. பையைத் திறந்தேன். உறை பிரிக்காத பெட்டி, வீட்டுச் சாவிக்கும் சீப்புக்கும் நடுவே கிடந்தது. கட்டிலிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டிய அந்தக் குழந்தையின் ஞாபகம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"பார்த்தேன் சார்" என்றேன். "பையில எதுவும் இல்ல."

போனை வைத்தேன். அவர் கட்டுப் போட்ட கையை நகர்த்தி என் கை மேல் வைத்தார். வெகுநாளைக்குப் பிறகு அவ்வளவு பிரியமாகப் பேசினார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் படியில போ, என்ன?"